மிதித்தால் இறங்காத பிரேக்

விடிவதற்கு முன்பே எழிலரசி வேனோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிட்டாள். ராத்திரி முழுக்கக் கொட்டிய பனி முன்கண்ணாடியில் இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்டுவதற்கென்றே கடையில் ஒரு கரண்டி விற்கிறார்கள். கம்பெனி வேனுக்குக் கம்பெனி அதை வாங்கித் தந்தால்தானே! நாமக்கல்லில் இருக்கும் அம்மாவோடு பேசித் தீர்த்த போன் கார்டு ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. அதன் விளிம்பை அழுத்தி இழுத்தால் ஒரு கோடு விழும். மறுபடி இழுத்தால் இன்னொரு கோடு. கையுறைக்குள் விரல்கள் முதலில் மரத்தன, பிறகு எரிந்தன. மூக்கு ஒழுகியது. கண்ணாடியில் சாலை தெரிகிற அளவுக்கு ஒரு சதுரம் தெளிந்தபோது கார்டு இரண்டாக உடைந்தது.

"சனியனே!" என்று உடைந்த துண்டை விட்டெறிந்தாள். யாரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பனியையும் இருக்கலாம், ஜம்புநாதனையும் இருக்கலாம்.

ஜம்புநாதன் யார் என்று கேட்கிறீர்களா? அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், இந்த அபார்ட்மெண்ட் வளாகத்தில் வாடகைக்குப் பிடித்த வீடுகளுக்கு 'கெஸ்ட் ஹவுஸ்' என்று பெயர் வைத்து, ஊரிலிருந்து ப்ரோகிராமர்களை வரவழைத்து அடைத்து வைத்திருக்கும் கன்சல்டிங் கம்பெனி முதலாளி. வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதித் தொலைத்த பழைய ப்ரோகிராம்களையெல்லாம் இரண்டாயிரம் பிறப்பதற்குள் திருத்தியாக வேண்டும் என்று அமெரிக்காவே அலறிக்கொண்டிருந்த காலம் அது. ரூட் ஒன் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அவர் ஆட்களை அனுப்பினார். விசா அவர் பெயரில். பாஸ்போர்ட் அவர் அலமாரியில், 'பத்திரத்துக்காக'. வாயைத் திறந்தால் "நான் உங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரி" என்பார்.

எழிலரசியோடு அந்த வேனில் போகிறவர்கள் நாலு பேர். அவளோடு கீழ்வீட்டில் தங்கியிருந்த சாந்தி, மெட்ராஸ்காரி, யாருக்கும் அடங்காத வாய். மாடிவீட்டில் மூன்று ஆண்கள். கும்பகோணத்துப் பிச்சுமணிக்கு எதையும் கிண்டல் செய்யாவிட்டால் சோறு இறங்காது. ராமசுப்ரமணியன் திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் மூத்தவர். மனைவியையும் பிள்ளைகளையும் எப்போது கூட்டி வருவோம் என்ற ஏக்கத்திலேயே பாதி உடம்பு கரைந்தவர். மதன் வயதில் இளையவன். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணித் தருகிறேன் என்று ஜம்புநாதன் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவன்.

இவர்களில் முதலில் லைசென்ஸ் எடுத்த குற்றத்துக்காக எழிலரசி டிரைவர் ஆனாள். நாள் முழுக்கக் கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியோடு மாரடித்துவிட்டு, போக வர வண்டியும் ஓட்ட வேண்டும். "நாமக்கல் பொண்ணு! லாரி ரத்தத்துலயே ஓடும்" என்று ஜம்புநாதன் அன்று சிரித்தார். அவள் அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். லாரியை அவள் சாலையில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

பக்கத்து பிளாக்கிலும் ஜம்புநாதனின் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நீல வேன். அதை ஓட்டுகிற முகிலன் அதோ, அவனும் கேசட் மூடியால் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். தினமும் இதே நேரம், இதே இருட்டு. ஆனால் ஒரு தலையசைப்போடு சரி. "அந்த பிளாக் ஆளுங்ககிட்ட எதுவும் பேச்சு வச்சுக்காதீங்க, பொறாமை பிடிச்சவங்க" என்று ஜம்புநாதன் இங்கே சொல்லியிருந்தார். அங்கேயும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று அப்போது இவர்களுக்குத் தோன்றவில்லை.

நால்வரும் வந்து ஏறினார்கள். எழிலரசி இன்ஜினை ஸ்டார்ட் செய்து பிரேக்கை மிதித்தாள். முதல் மிதிக்குக் கொஞ்சம் இறங்கியது. இரண்டாவது மிதிக்குப் பாறையாக நின்றது.

"இன்னைக்கும் அதே கதைதான்" என்றாள்.

"கோல்டுல எல்லா வண்டியும் அப்படித்தான்னு சார் சொன்னாரே" என்றான் மதன்.

"சார் சொன்னாரு, சார் சொன்னாரு! சாரா ஓட்டறாரு?"

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. குளிர் ஆரம்பித்ததிலிருந்தே காலையில் பெடல் கல்லாக இருக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது ஓரளவு சரியாகிவிடும். முதல்முறை சொன்னபோது ஜம்புநாதன் சிரித்தார். இரண்டாம்முறை சொன்னபோது ஒரு சாயங்காலம் வந்து, சூடாயிருந்த வண்டியை பார்க்கிங் லாட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "எனக்கு நல்லாத்தானே புடிக்குது? லேடீஸ் காலுக்கு ஸ்ட்ரெந்த் பத்தாதும்மா, நல்லா சாப்பிடு" என்றார். அன்றைக்கு அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மூன்றாம்முறை, இவர்கள் வேலைக்குப் போகாத ஒரு நாளில் தன் மச்சானை அனுப்பினார். மச்சான் வந்தான், பார்த்தான், "எல்லாம் ஓகே" என்று போய்விட்டான். நல்ல கண்துடைப்பு!

அவளுக்கு உள்ளுக்குள் இருந்த பயம் ஒன்றுதான். இந்த நாலு பேர் உயிரும் தன் வலது காலில் தொங்குகிறது, அந்தக் கால் சொல்வதை வண்டி கேட்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் பழி யார் மேல் விழும் என்றும் அவளுக்குத் தெரியும்.

அது அன்றைக்கே ஆனது. வளாகத்திலிருந்து பெரிய சாலைக்குப் போகும் வழியில் ஒரு சரிவு. சரிவின் அடியில் மஞ்சள் ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கை மின்னவிட்டு நின்றது. முதுகில் பையோடு குழந்தைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். எழிலரசி தூரத்திலேயே பார்த்துவிட்டாள், தூரத்திலேயே மிதித்தாள். முதல் மிதிக்கு வேகம் கொஞ்சம் குறைந்தது. மறுபடி மிதித்தாள். பெடல் அசையவில்லை.

"பிடிக்கலப்பா!"

"பம்ப் பண்ணு!" என்றார் ராமசுப்ரமணியன். "பம்ப் பண்ணு எழில், பம்ப் பண்ணு!" என்று எல்லோரும் கத்தினார்கள். ஊரில் பஸ்ஸிலும் அம்பாசடரிலும் டிரைவர்கள் பெடலைக் குத்திக் குத்தி மிதித்து வண்டியை நிறுத்துவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அவளும் குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் பெடல் இன்னும் கெட்டியானது. இரண்டு காலையும் வைத்து சீட்டிலிருந்து எழும்பி நின்று மிதித்தாள். பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒரு குழந்தையின் முகம் தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தாள்.

வேன் புல்வெளியில் ஏறி, ஒதுக்கிவைத்த பனிக்குவியலில் முட்டி, ஒரு கம்பத்தை உரசி நின்றது. முன்சீட்டில் கையை ஊன்றியிருந்த பிச்சுமணி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். பஸ் கதவை மூடிக்கொண்டு அமைதியாகப் போனது. அதிலிருந்த யாருக்கும் எதுவும் தெரியாது. எழிலரசிக்கு அழுகை வரவில்லை. காலை மட்டும் பெடலிலிருந்து எடுக்கவில்லை.

பக்கத்துக் கடையிலிருந்து சாந்தி ஜம்புநாதனுக்குப் போன் போட்டாள். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? யாருக்காவது அடி பட்டதா என்று இல்லை.

"போலீஸ் வந்தாங்களா?"

"இல்ல சார். பிச்சுமணிக்குக் கை வீங்கிடுச்சு. ஆஸ்பிட்டல் கூட்டிட்டுப் போறேன்."

"ஆஸ்பிட்டல்லாம் எதுக்கும்மா? ஐஸ் வெச்சு டைலனால் மாத்திரை போடச் சொல்லு. வேலைக்குப் போற வழியில அடின்னு சொல்லித் தொலைச்சிடாதீங்க. க்ளையண்டுக்குத் தெரிஞ்சா கான்ட்ராக்ட் போச்சு. எழில் எதுக்கு அவ்ளோ ஸ்பீடா போனா?"

"சார், பிரேக் பிடிக்கல!"

"சும்மா வண்டி மேல பழி போடாதீங்க. ஓட்டத் தெரியணும்."

சாந்தி போனை வைத்த வேகத்தில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். டாக்சி பிடித்துப் பிச்சுமணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. மற்றவர்கள் வேனை ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. எழிலரசி பனியில் நடந்தே போய் லைப்ரரியில் கார் ரிப்பேர் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தாள். "எனக்கு ஓட்டத் தெரியலையா, வண்டிக்கு நிக்கத் தெரியலையான்னு இன்னிக்குப் பாத்துடறேன்" என்றாள். ஐந்து பேரும் வேனைச் சுற்றி நின்றார்கள். புத்தகம் ராமசுப்ரமணியன் கையில். பிச்சுமணி கட்டுப்போட்ட கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு மேற்பார்வை.

புத்தகம் சொன்னது இவ்வளவுதான். மிதிக்கிற காலுக்குத் துணையாக பூஸ்டர் என்று ஒரு வட்ட டப்பா இருக்கிறது. இன்ஜின் அதிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடமாக வைத்திருக்கிறது. அந்த வெற்றிடம்தான் பெடலை லேசாக்குகிறது. காற்றை உறிஞ்சும் வழி ஒரு ரப்பர் குழாய். குழாயில் ஓட்டை விழுந்தாலும் சரி, டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தாலும் சரி, துணை போய்விடும். முழுப் பாரமும் மிதிக்கிறவர் காலில் விழும். மிச்சமிருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்கு வரும்.

ராமசுப்ரமணியன் அடுத்த வரியை வாசித்துவிட்டு நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன சார் போட்டிருக்கு?"

"பம்ப் பண்ணக் கூடாதாம்மா. பம்ப் பண்ணப் பண்ண, இருக்கறதும் தீர்ந்து போயிருமாம்."

பிச்சுமணிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஆக, நாம எல்லாரும் சேர்ந்து கத்தித்தான் என் கைய உடைச்சிருக்கோம். பேஷ்!"

"ஓட்டறது நான் ஒருத்தி. பின்னாடி இருந்து கத்தறது நாலு பேரு" என்றாள் எழிலரசி. சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கலங்கிவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாந்தி அவள் தோளைப் பிடித்து, "இனிமே எறங்கி நின்னுதான் கத்துவோம்" என்றாள்.

புத்தகத்தில் ஒரு பரீட்சை இருந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும். காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பெடல் தானாகக் காலுக்கடியில் கொஞ்சம் இறங்கும். மதன் போன வாரம்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தான்; அவனை உட்கார வைத்தார்கள். அவன் மிதித்தான், ஸ்டார்ட் செய்தான்.

"எறங்கிச்சா?"

"இல்ல."

"நல்லா பாருடா."

"அசையவே இல்ல எழில். செவுத்துல கால் வெச்ச மாதிரி இருக்கு." அவன் முகத்தில் முதல்முறையாக ஒரு கலவரம் தெரிந்தது. இத்தனை நாள் பின்சீட்டில் உட்கார்ந்து சார் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்.

ஊரில் பானட் என்போம், இங்கே ஹூட் என்கிறார்கள்; அதைத் தூக்கினார்கள். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே பாம்பு சீறுவது போல ஒரு சத்தம் வந்தது. சாந்தி சத்தம் வந்த இடத்தைத் தேடிக் கையை நீட்டி, "இங்கதான்" என்றாள். எழிலரசி டார்ச்சை அடித்தாள்.

பூஸ்டருக்குப் போகிற ரப்பர் குழாய். அதன் நடுவில் வெள்ளி நிறத்தில் பளபளவென்று அகல டேப், நாலைந்து சுற்று. வண்டியில் மற்றதெல்லாம் அழுக்கும் எண்ணெயுமாய்க் கிடக்க, டேப் மட்டும் புதிது. டேப்பின் ஓரம் விறைத்துத் தூக்கிக்கொண்டு நிற்க, அந்த இடுக்கில்தான் காற்று சீறியது.

இன்ஜின் சூடேற ஏற சீற்றம் குறைந்தது. டேப் இளகி ஒட்டிக்கொண்டது. காலையில் கல், சாயங்காலம் சரி என்ற மர்மம் இதுதான்.

"அடப்பாவி மச்சான்!" என்றாள் சாந்தி. "எல்லாம் ஓகேன்னு சொல்லிட்டுப் போனானே, இதப் பாத்துட்டுத்தான் சொல்லியிருக்கான்."

எழிலரசி டார்ச்சை அந்த டேப்பின் மேலேயே பிடித்திருந்தாள். லேடீஸ் காலுக்கு ஸ்ட்ரெந்த் பத்தாது. நல்லா சாப்பிடு. ஓட்டத் தெரியணும். ஒவ்வொன்றும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. இத்தனை நாளும் தன் காலையே சந்தேகப்பட்டு, படுக்கப்போகும்போது சுவரில் பாதத்தை அழுத்தி அழுத்திப் பலம் பார்த்தவள் அவள்.

மதனும் ராமசுப்ரமணியனும் ரூட் ஒன் ஓரமாகச் சேற்றுப்பனியில் நடந்துபோய், உதிரிபாகக் கடையில் அதே அளவு குழாயும் கிளிப்பும் வாங்கிவந்தார்கள். பழைய குழாயைக் கழற்றினால், டேப்புக்கு அடியில் விரல் நுழைகிற வெடிப்பு. புதியதை மாட்டினார்கள். கை முழுக்கக் கரி, விரல் நுனியெல்லாம் ரத்தக்கீறல். வெளியே சீறல் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். மதன் மறுபடி உட்கார்ந்து மிதித்து ஸ்டார்ட் செய்தான்.

"எறங்கிச்சா?"

அவன் தலையைக் குனிந்து காதைக் கொடுத்தான். "எறங்கல. இப்ப சத்தம் உள்ள வருது. என் காலுக்குப் பக்கத்துல."

பூஸ்டர் டப்பாவுக்குள் இருந்த சவ்வும் கிழிந்திருந்தது. பூஸ்டரையே மாற்ற வேண்டும். அது கராஜில் செய்கிற வேலை, வண்டியைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கையே பிரித்து மாட்டுகிற வேலை. இவர்களால் ஆனதை இவர்கள் செய்தாகிவிட்டது. மிச்சம் வண்டிக்குச் சொந்தக்காரன் செய்ய வேண்டியது. எழிலரசி ஹூட்டை ஓங்கி அறைந்து மூடினாள்.

ஞாயிறு மத்தியானம் ஜம்புநாதன் வந்தார். கையில் பெரிய அலுமினியத் தட்டில் அவர் மனைவி கொடுத்தனுப்பிய புளியோதரை. "ஆன்ட்டி உங்களுக்குன்னே காலையில எழுந்து பண்ணினா. பிச்சு, கை எப்படி இருக்கு? வலது கை போனா என்ன, இடது கையால டைப் பண்ணலாம்!" அவரே சிரித்துக்கொண்டார்.

எழிலரசி பழைய குழாயைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"நம்ம வேன் பிரேக்குக்குப் போற குழாயிங் சார். இந்த டேப் யாருங் சார் சுத்துனது?"

அவர் மழுப்புவார், பழைய ஓனர் தலையில் போடுவார் என்று நினைத்தார்கள். அவரோ கூசவே இல்லை. "என் மச்சான்தான், குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. டேப் போட்டா தாங்கும்னு சொன்னான். தாங்கிச்சு இல்ல இவ்ளோ நாள்?"

"தாங்கலிங் சார். அதனாலதான் அவர் கை ஒடஞ்சுது. ஸ்கூல் பஸ் நின்னுச்சுங் சார். குழந்தைங்க ஏறிட்டிருந்துச்சு."

"வண்டி யார் மேலயும் ஏறல இல்ல? இடிக்கல இல்ல? நடக்காததப் பேசாதே." முகம் மாறியது. "அது இருக்கட்டும், யாரக் கேட்டு என் வண்டியப் பிரிச்சீங்க?"

"எங்க உசுரக் கேட்டு" என்றாள் சாந்தி. "குழாய நாங்க மாத்திட்டோம். பூஸ்டரும் போயிடுச்சு, அத நீங்கதான் மாத்தணும்."

"குழாய் மாத்தியாச்சு இல்ல, அவ்ளோதான். திங்கக்கிழமை க்ளையண்ட் டெஸ்டிங் ஆரம்பிக்கறான். ஒருத்தர் குறைஞ்சாலும் எனக்குக் கெட்ட பேரு. இந்த ரிலீஸ் முடியட்டும், பூஸ்டர பாத்துக்கலாம்."

"பூஸ்டர் மாத்தாம ஓட்ட மாட்டனுங் சார்."

ஜம்புநாதன் அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "எழில், உன் எச்-ஒன் விசா என் கம்பெனி பேர்ல இருக்கு. ஞாபகம் இருக்கட்டும். ஒரு ஃபேக்ஸ் போதும், அடுத்த ஃப்ளைட்ல ஊருக்கு. அப்புறம் நாமக்கல்லுல நெசமாவே லாரி ஓட்டலாம்." ராமசுப்ரமணியனிடம் திரும்பினார். "உங்க ஃபேமிலி விசா பேப்பர் நாளைக்கு நான் சைன் பண்ணணும், தெரியுமில்ல?" மதனின் முதுகில் தட்டினார். "நீ சமத்து." போய்விட்டார்.

வீட்டில் புளிவாசனை நிறைந்திருந்தது. ரொம்ப நேரம் யாரும் தட்டைத் தொடவில்லை. பிச்சுமணி பொறுக்க மாட்டாமல், "ஆன்ட்டி என்னய்யா பாவம் பண்ணினா? புளியோதரை மேல எதுக்குக் கோபம்?" என்று இடது கையால் ஸ்பூனை எடுத்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள்.

ராமசுப்ரமணியன் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். "எனக்குப் பயமாத்தான் இருக்கு. இல்லேங்கல. பிள்ளைக முகத்தப் பாத்து ரொம்ப நாளாச்சு. ஆனா நா செத்துப்போயிட்டா அதுக இங்க வந்து யாரப் பாக்கும்?" தண்ணீரைக் குடித்தார். "அவரு ஒருத்தர் ஒருத்தரா மிரட்டுதாரு. எழில் மட்டும் ஓட்ட மாட்டேன்னா எழில அனுப்பிருவாரு. யாருமே ஏற மாட்டோம்னா? அஞ்சு பேரையும் அனுப்பிட்டு, அந்த டெஸ்டிங்க அவரா உக்காந்து பண்ணுவாரு?"

"வண்டி கராஜுக்குப் போகணும். அதுவரைக்கும் டாக்சி. பிச்சு சார் கைக்கு ஆஸ்பிட்டல் செலவு கம்பெனியோடது" என்றாள் சாந்தி. "வேற எதுவும் கேக்கல. பெருசா ஒண்ணும் கேட்டுடல."

"மதன்?" என்றாள் எழிலரசி.

மதன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியல" என்றான்.

அவனை யாரும் வற்புறுத்தவில்லை.

திங்கள் காலை எழிலரசி பனியைச் சுரண்டவில்லை. வேன் வெள்ளையாக மூடிக்கிடந்தது. அதன் பக்கத்தில் விளக்குக் கம்பத்தின் கீழே ஐந்து பேரும் நின்றார்கள். பையும் சாப்பாட்டு டப்பாவும் எடுத்துக்கொண்டு, வேலைக்குத் தயாராகவே நின்றார்கள். குளிரில் பல் கிட்டியது. அந்தப் பக்கம் முகிலன் வழக்கம்போலச் சுரண்டி முடித்து, நீல வேனின் இன்ஜினை ஓடவிட்டிருந்தான். அவன் ஆட்கள் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

வேனில் ஏற மாட்டோம் என்று சாந்தி ஏற்கெனவே போனில் சொல்லியிருந்ததால், ஜம்புநாதன் அவசரமாக வந்து காரை நடுவழியிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். மேல்கோட்டுக்கு அடியில் லுங்கி.

"என்ன நாடகம் இது? ஏறுங்க வண்டியில!"

"ஏற மாட்டோம் சார்" என்றார் ராமசுப்ரமணியன். அவர் குரல் நடுங்கியது. ஆனாலும் அவர்தான் முதலில் சொன்னார்.

"உங்க ஃபேமிலி..."

"ஆமா சார். அதனாலதான்."

ஜம்புநாதன் எழிலரசியின் முன்னால் கையை நீட்டினார். "சாவியக் குடு." அவள் கொடுத்தாள். அதை மதனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "நீ லைசென்ஸ் வெச்சிருக்கே. ஓட்டு. உன் கிரீன் கார்டு ஃபைல் லாயர் டேபிள்ல இருக்கு. இன்னைக்கு நீ ஓட்டினா நாளைக்கே மூவ் பண்றேன்."

எல்லோரும் மதனைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் போய்க் கதவைத் திறந்து ஏறினான். இன்ஜின் உறுமி ஓடியது. கண்ணாடி முழுக்கப் பனி. உள்ளே அவன் நிழலாகத்தான் தெரிந்தான்.

"ம், ஏறுங்க!" என்றார் ஜம்புநாதன்.

யாரும் ஏறவில்லை. மதன் ஒருமுறை திரும்பி, தினமும் தான் உட்காரும் பின்சீட்டைப் பார்த்தான். காலியாக இருந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். மறுபடி மிதித்தான். கதவு திறந்தே இருந்ததால், அவன் காலடியில் சீறுவது வெளியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

அவன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். கதவை மூடவில்லை. "சார், நீங்க உக்காருங்க. நீங்களே ஓட்டுங்க, நாங்க எல்லாரும் ஏறறோம்" என்று சாவியை நீட்டினான்.

ஜம்புநாதன் திறந்துகிடந்த கதவைப் பார்த்தார். சாவியை வாங்கவில்லை. "டேய், உன்ன நான் தம்பி மாதிரி..."

"தெரியும் சார். ஒரே ஒரு தடவ மிதிச்சுப் பாருங்க."

அவர் மிதிக்கவில்லை. நகர்ந்துபோய், "எல்லாரையும் அனுப்பறேன், ஒருத்தன் பாக்கியில்லாம அனுப்பறேன்!" என்று கத்தியபடி செல்போனை எடுத்து எண்களைக் குத்தினார். மதன் சாவியைக் கொண்டுவந்து எழிலரசியிடமே கொடுத்தான். அவன் கை சில்லிட்டிருந்தது. "ஊருக்கு அனுப்பினா ஒரே ஃப்ளைட்தானே?" என்றான். "ஜன்னல் சீட் எனக்கு" என்றார் பிச்சுமணி.

அப்போது பின்னால் செருமல் கேட்டது. முகிலன் நின்றிருந்தான். இத்தனை மாதமாகத் தலையை மட்டும் அசைத்தவன்.

"எக்ஸ்க்யூஸ் மீங்க. உங்க வண்டியில பிரேக்கா ப்ராப்ளம்?"

"ஆமாங்க."

"எங்களுதும் காலையில கல்லு மாதிரி இருக்கு. சாயங்காலம் சரியாயிடுது. சார்கிட்ட சொன்னா, கோல்டுல அப்படித்தான்னு..."

எழிலரசி அவனை முடிக்க விடவில்லை. பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். ஐந்து பேரும் நீல வேனை நோக்கி நடந்தார்கள். ஜம்புநாதன் போனிலிருந்து முகத்தை எடுத்தார்.

"முகிலன்! நீ கிளம்பு! உங்க வண்டிக்கு ஒண்ணும் இல்ல!"

முகிலன் அவரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு உள்ளே கையை விட்டு நெம்புகோலை இழுத்து, ஹூட்டைத் தூக்கி நிறுத்தினான். எழிலரசிக்குத் தேட வேண்டிய இடம் தெரியும். டார்ச்சை நேராக அங்கே அடித்தாள்.

வெள்ளி நிற டேப். அதே அகலம், அதே பளபளப்பு.

முகிலன் டேப்பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான். "தினமும் எங்க வீட்டம்மாவ இதுலதான் கூட்டிட்டுப் போறேன். மாசமா இருக்கா" என்றான்.

"இன்ஜின ஆஃப் பண்ணுங்க" என்றாள் எழிலரசி. "எல்லாரையும் எறங்கச் சொல்லுங்க. என்ன பண்ணலாம்னு பேசலாம்."

முகிலன் அணைத்தான். ஜம்புநாதனின் போனில் யாரோ ஆங்கிலத்தில் ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நீல வேனின் பக்கக் கதவு கரகரவென்று இழுபட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். சாந்தி ஓடிப்போய்க் கை கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர் இறங்கினார், அவருக்குப் பின்னால் இன்னொருவர்.